அவர் சொன்னாராம்

ஜெமீலாவின் வயிற்றுக்குள் ஒரு கம்பி இருந்தது. அதை உள்ளே வைத்தபோது அவளுக்குத் தெரியாது. அவளுடைய புருசனை மண்ணுக்குள் வைத்தபோதும் அவளுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கிழமைக்குள் நடந்தவை. கண் முழித்த பிறகு கம்பியைப் பற்றி மட்டும் சொன்னார்கள்.

சம்மாந்துறையில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் மருதமுனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாவடிப்பள்ளிக்குக் கிட்ட, வயலுக்குள்ளிருந்து ஏறிய உழவு டிரெக்டரின் பின்பெட்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அதில் மோதி, புருசன் பஸால் அவ்விடத்திலேயே முடிந்தார். ஜெமீலாவுக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்து, தலைக்குள்ளே இரத்தம் கசிந்திருந்தது. அங்கே காட்டி இங்கே காட்டி, கடைசியில் கொழும்புக்கு ஏற்றினார்கள். அசையாமல் கிடந்த காலில் இரத்தம் உறைந்து கட்டியானது. அந்தக் கட்டி கழன்று மேலே போய் நெஞ்சுக்குள், சுவாசப்பையில் அடைத்தால் ஆள் போய்விடும். கட்டிக்கு மருந்து கொடுத்தால் தலைக்குள் கசிவது நிற்காது. அதனால் கழுத்து வழியாக ஒரு கம்பியை இறக்கி, வயிற்றுக்குள் ஓடுகிற பெரிய இரத்தக் குழாயில் விரித்து வைத்தார்கள்.

"ஒரு குடைய நினைச்சுக்கொள்ளுங்க அன்ரி," என்றாள் நிரோஜினி. அந்த வாட்டில் தமிழ் தெரிந்த தாதி அவள் ஒருத்திதான், சொறிக்கல்முனை ஊர்ப் பிள்ளை. டொக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள். "துணி இல்லாத குடை. வெறும் கம்பி. ரத்தம் அதுக்குள்ளால போகும். கட்டி வந்தா மாட்டிக்கொள்ளும், நெஞ்சுக்குப் போகாது. ஆனா இது காலத்துக்கும் வைக்கிற சாமான் இல்ல. தலைக் காயம் ஆறினாப்பிறகு, ரத்தம் கட்டாம இருக்கக் குளிசை தொடங்குவாங்க. குளிசை வேலை செய்யத் தொடங்கினா இந்தக் கம்பி தேவையில்ல. எடுத்திரணும்."

"எடுக்காட்டி?"

நிரோஜினி டொக்டரிடம் கேட்டாள். "நாள் போகப் போகக் கம்பிட கால்கள் குழாய்ச் சுவருக்குள்ள புதைஞ்சு போகும். பிறகு இழுத்தாலும் வராது. அந்தக் கம்பியிலயே கட்டி பிடிக்கவும் பார்க்கும். மூண்டு மாசத்துக்குள்ள வாங்க எண்டு சொல்றார்."

"என்ட மனுசன்ட்ட சொல்லுங்க. அவருதான் கூட்டிட்டு வரணும்," என்றாள் ஜெமீலா.

நிரோஜினி றுகையாவைப் பார்த்தாள். றுகையா சுவரைப் பார்த்தாள்.

றுகையா ஜெமீலாவின் ராத்தா, எட்டு வயது மூத்தவள். பிள்ளை குட்டி இல்லை. புருசன் சவூதிக்குப் போய், அங்கே இன்னொருத்தியோடு இருந்துவிட்டான். ஊரில் தங்கச்சியின் வீட்டுக்கு அடுத்த வளவில் தனியாக இருந்தாள். கொழும்பு ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக் கிடந்தவளும் அவள்தான்.

"அவருக்குக் கால் உடைஞ்சிட்டு," என்று றுகையா சொல்லியிருந்தாள். "கட்டுப் போட்டு வீட்ட படுத்திரிக்காரு."

"போனத் தாங்க, கதைப்பம்."

"அவர்ட போன் அவ்விடத்தயே நொறுங்கிட்டுகா."

"பக்கத்து வீட்டுப் போனால எடுக்கச் சொல்லுங்களன்."

"எடுத்தாரு. நீ நித்திரை. எழுப்ப வேணாம் எண்டாரு. எழும்பினா முதல் என்னத்தத் தின்பா எண்டு கேட்டாரு."

ஜெமீலாவுக்குச் சிரிப்பு வந்தது. "அவரா? அவரா கேட்டாரு?"

"ஓம்கா. பாண் உனக்கு ஒத்துவராதாம். சோறு கிடைக்குதா எண்டு பாருங்க ராத்தா எண்டாரு."

அப்படித்தான் தொடங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் றுகையா ஏதாவது கொண்டுவந்தாள். வீட்டுக்குப் பின்னால், கோடியில் ஜெமீலா நட்ட மாதுளை பூத்திருக்கிறதாம், சொல்லச் சொன்னாராம். "தண்ணி ஊத்துறாரா எண்டு கேளுங்க, மறந்திருப்பாரு மாடு," என்று ஜெமீலா திருப்பிச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. ஊற்றுகிறாராம். கட்டுப் போட்ட காலோடு நொண்டி நொண்டிப் போய் ஊற்றுகிறாராம். ஒரு வாளியைக் கொட்டியும் போட்டாராம். ஜெமீலா சிரித்தாள். சிரித்தால் இடுப்பு நொந்தது, ஆனாலும் சிரித்தாள்.

இருபத்திநாலு வருசக் குடித்தனத்தில் பஸால் அவளிடம் தின்றாயா என்று கேட்டதில்லை. கெட்ட மனுசன் இல்லை. நெல் லொறி ஓட்டினார், வந்தார், சோற்றைப் போடு என்றார், படுத்தார். கதை என்பது அவருக்குக் கடை வாசலிலும் பள்ளி வாசலிலும் ஆம்பிளைகளோடு செய்கிற காரியம். சாவைக் கிட்டத்தில் பார்த்தது மனுசனை மாற்றிவிட்டது என்று ஜெமீலா நினைத்தாள். வீட்டுக்குப் போனால் பின்னேரங்களில் இரண்டு பேரும் விறாந்தையில் உட்கார்ந்து எதைக் கதைப்பது என்று யோசித்து வைத்தாள். காலைத் தூக்கிக் கட்டிய அந்தக் கட்டிலில் அவள் சந்தோசமாக இருந்தாள். பச்சைச் சட்டையை எடுத்துப் போட்டாள். றுகையாவைக் கொண்டு தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டாள்.

மகன் றிஸ்வான் கட்டாரிலிருந்து வந்திருந்தான். வாப்பாவின் கபுறடியிலிருந்து நேரே கொழும்புக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "வாப்பா சுகமா இரிக்காரு உம்மா," என்றான். பிறகு பிளேன் ஏறிப் போய்விட்டான்.

அடுத்த கட்டிலில் இருந்தவளைப் பார்க்க ஒரு மருதமுனைக்காரி வந்தாள். ஜெமீலாவை அடையாளம் கண்டு, முகத்திரையைத் தூக்கிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும்கா. நல்ல மனுசன். ஜனாஸாவுக்கு எவ்வளவு சனம் எண்டுறீங்க. பள்ளி கொள்ளல்ல."

இவள் ஆளை மாற்றிச் சொல்கிறாள் என்றுதான் ஜெமீலா முதலில் நினைத்தாள். அந்த நேரம் றுகையா சுடுதண்ணீர்ப் போத்தலோடு உள்ளே வந்தாள். மருதமுனைக்காரியைக் கண்டதும் அவளுடைய முகம் செத்துப் போனது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஜெமீலா தெரிந்துகொண்டாள். சொல்லி அல்ல.

வந்தவள் போகும்வரை ஜெமீலா காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"இண்டைக்கு அவர் என்ன சொன்னாரு?"

றுகையா போத்தலை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"மாதுளைக்குத் தண்ணி ஊத்தினாரு எண்டீங்களே. கபுறுக்குள்ள இருந்தா ஊத்தினாரு?"

"டொக்டர்மார்தான்கா... அதிர்ச்சி கூடாது எண்டாங்க. நீயும் போயிருவாய் எண்டு பயந்திட்டன்."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

அதோடு சரி. ஜெமீலா ராத்தாவோடு கதைப்பதை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் போகலாம் என்று துண்டு வெட்டி ஊருக்குக் கொண்டுவந்தபோது, கோடியில் மாதுளை விறகாக நின்றது. வீட்டில் யாரும் இல்லாமல் யார் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்? பூத்ததற்கு அடையாளமே இல்லை.

ஜெமீலா இத்தா இருந்தாள். புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும்; சோடனை இல்லை, அன்னிய ஆம்பிளையின் முன்னால் வருவதில்லை. அவள் வெள்ளையை உடுத்துக்கொண்டு, பின் அறைக்குத் திரை போட்டாள். ஊன்றி நடக்கிற கம்பிச் சட்டத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். நாட்களைத் தனக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

அப்படி எண்ணு என்று யாரும் சொல்லவில்லை. யாரிடமும் அவள் கேட்கவும் இல்லை. அதற்கு முந்தின நாட்களில் அவள் சிரித்திருந்தாள், பச்சைச் சட்டை போட்டிருந்தாள், செத்த மனுசனை மாடு என்று ஏசியிருந்தாள். அந்த நாட்களை எந்த முகத்தோடு கணக்கில் சேர்ப்பது?

முதல் கிழமைகளில் பெண்கள் வந்து போனார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, தங்கள் வீட்டு வருத்தங்களைச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். பிறகு குறைந்தார்கள். பிறகு வரவில்லை. பக்கத்து வீட்டுத் தறி காலையில் தொடங்கி பகல் ளுகர் தொழுகைக்கு நிற்கும். பின்னேரம் டியூசனுக்குப் போகிற பெட்டைகளின் சைக்கிள் மணி கேட்கும். காற்று திரும்பினால் கடல் இரையும். யன்னலின் கீழ்ப் பலகையைச் சாத்தி மேல் பலகையை மட்டும் திறந்து வைத்திருந்தாள். அதில் ஒரு தென்னை ஓலையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தால் பின்னேரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். தொழுகையில் ஓதும்போது தன் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

மூன்று வேளையும் றுகையா சாப்பாடு கொண்டுவந்தாள். திரைக்கு வெளியே ஸ்டூலில் வைப்பாள். "வெச்சிரிக்கன்," என்பாள். பதில் வராது. போய்விடுவாள். ஜெமீலா எழுந்து எடுத்துத் தின்பாள். குளிசை தொடங்கிய பிறகு கீரையை அளவாகத் தின்ன வேண்டும் என்று நிரோஜினி சொல்லியிருந்தாள். றுகையா அதைக் கேட்டு, கீரையைக் கறியில் ஒரேயளவாகவே போட்டாள். ஜெமீலா அதைக் கவனித்தாள். கவனித்ததைக் காட்டவில்லை.

மூன்றாம் மாதம் முடிகிற நேரம் கொழும்பிலிருந்து நிரோஜினி றுகையாவின் போனுக்கு எடுத்தாள். றுகையா திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"மிஸ் எடுத்தா. அடுத்த கிழமை கம்பி எடுக்க வரட்டாம்." கொஞ்சம் நின்று சொன்னாள். "மௌலவிட்டயும் கேட்டன். வருத்தத்துக்கு ஆஸ்பத்திரி போறண்டா இத்தாவிலயும் போகலாம் எண்டு சொன்னாரு."

"சொன்னாராம்," என்றாள் ஜெமீலா.

வீட்டுக்கு வந்த பிறகு ராத்தாவிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. "எல்லாரும் உங்களிட்டத்தான் வந்து சொல்றாங்க, என்ன? மௌத்தானவங்களும்."

 திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் கோடிப்பக்கமாகப் போனது.

றிஸ்வான் கட்டாரிலிருந்து எடுத்தான். வீடியோவில் தலையில் மஞ்சள் தொப்பியோடு தெரிந்தான்.

"உம்மா, போங்க உம்மா. பெரியம்மா பொய் சொல்லல்ல. நான் மிஸ்ஸோட கதைச்சன்."

"நீயும்தான் கட்டிலுக்குக் கிட்ட நிண்டு சொன்னாய், வாப்பா சுகமா இரிக்காரு எண்டு."

அவன் தொப்பியைக் கழற்றினான். திரும்பப் போட்டான். "வேலைக்கு நேரமாகிட்டு உம்மா," என்றான்.

அந்தத் திகதி போய்விட்டது.

ஒரு பகல் படுத்துக் கிடக்கும்போது ஜெமீலாவுக்கு ஒன்று விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம். அவள் யாருக்காக அழுகிறாள் என்று யோசித்தால், நெல் லொறியிலிருந்து இறங்கி வந்து சோற்றைப் போடு என்கிற பஸால் நினைவுக்கு வருவதில்லை. நொண்டி நொண்டிப் போய் மாதுளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்தான் வந்தார். எழுப்ப வேணாம் என்றவர். பாண் ஒத்துவராது என்று தெரிந்து வைத்திருந்தவர். அந்த மனுசனோடு அவள் வாழ்ந்தது ஒரு மாதம், அதுவும் கட்டிலில். அந்த மனுசனைச் சொல்லிச் சொல்லிச் செய்த ராத்தா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். புருசன் பேசிய ஒரு நல்ல வார்த்தையைத் தன் வாழ்நாளில் கேட்டிராதவள் அதையெல்லாம் எங்கிருந்து எடுத்தாளோ. இல்லாத ஒருவருக்கு யாரும் இத்தா இருப்பதில்லை. ஜெமீலா இருந்தாள். நாட்களைக் குறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நாலு மாதம் கடந்தபோது இடது கெண்டைக்கால் வீங்கியது. நிரோஜினி மறுபடியும் எடுத்தாள். இந்த முறை றுகையா போனைத் திரைக்குள் நீட்டினாள்.

"அன்ரி, இன்னொரு திகதி வாங்கியிருக்கிறன்," என்றாள் நிரோஜினி. "இதையும் விட்டீங்க எண்டா என்னட்டக் கேக்காதீங்க. இப்பவே பிந்திப் போச்சு."

"அண்டைக்கு உங்களுக்கும் தெரியும்தானே மிஸ்? என்ட மனுசன் இல்ல எண்டு?"

போனில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, வாட்டின் இரைச்சல் குறைந்தது.

"தெரியும்," என்றாள் நிரோஜினி. "உங்கட ஆக்கள் சொல்ல வேணாம் எண்டாங்க. நான் சொல்லல்ல. ஆனா கம்பிய எடுக்கணும் எண்டது பொய்யில்ல அன்ரி."

ஜெமீலா போனைத் திருப்பிக் கொடுத்தாள். றுகையா போகவில்லை.

"உன்ட இத்தாவும் முடிஞ்சி," என்றாள். "மௌத்தான நாள்ல இருந்துதான் கணக்கு. போன வியாழனோட சரி. மௌலவி..."

"சொன்னாராம்."

"ஓம், சொன்னாரு!"

"எனக்கு இன்னும் ஒரு மாசம் இரிக்கி," என்று ஜெமீலா திரையை இழுத்து மூடினாள்.

திரைக்கு வெளியே றுகையா வெடித்தாள். "செத்துப் போகா! அந்தக் கம்பியோடயே கிட! நான் இனி இந்தப் படி மிதிக்கமாட்டன். உனக்கு நெஞ்சு அடைச்சி நீ போனா, அத நான் யாருட்டப் போய்ச் சொல்ற? அப்பயும் பொய்யா சொல்ல ஏலும்?"

அன்றிரவுச் சாப்பாடு வரவில்லை. ஜெமீலா வாழைப்பழம் ஒன்றைத் தின்றுவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் பகல் சோறு பிந்தி வந்தது, ஆனால் வந்தது. அதோடு முன் விறாந்தையில் ஒரு இருமலும் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய இருமல். அப்துல் ஸமட் மௌலவி.

அவர் முன் ஹோலில் கதிரையில் உட்கார்ந்தார். நடுவே திரை. றுகையா வாசற்படியில் குந்தினாள், முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு.

"அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி."

ஜெமீலா தணிந்த குரலில் பதில் சொன்னாள்.

"உங்கட ராத்தா மூணுதரம் என்ட வாசலுக்கு வந்திட்டா. முதல் வந்தது, இத்தாவில ஆஸ்பத்திரி போகலாமா எண்டு கேக்க. ஓம் எண்டன். நீங்க போகல்ல. ரெண்டாவது வந்தது கணக்குக் கேக்க. அதயும் சொன்னன். நேத்து வந்து, நான் சொன்னா அவ நம்பமாட்டா, நீங்களே வாங்க எண்டா. ஏன் நம்பமாட்டா எண்டு கேட்டன். அதுக்கு மட்டும் பதில் இல்ல."



"நான் அறியாம இருந்த நாளும் கணக்கா?" என்று ஜெமீலா கேட்டாள்.

"நீங்க அறிஞ்சாலும் அறியாட்டியும் அவர் மௌத்துத்தானே தங்கச்சி. அண்டிலிருந்துதான் கணக்கு."

"அந்த நாளுல நான் சிரிச்சன். பச்சைச் சட்டை போட்டன்."

"தெரியாமச் செஞ்சது உங்கட மேல வராது."

"தெரிஞ்சிட்டுச் சொல்லாம இருந்தவங்கட மேல?"

மௌலவி இருமினார். கொஞ்ச நேரம் இருமினார். "அவங்கட நிய்யத்து, மனசுல நினைச்சது என்ன எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அத இந்தக் கதிரையில இருந்து நான் சொல்ல ஏலா. நான் சொல்ல ஏலுமானது, போன வியாழக்கிழமையோட உங்கட இத்தா முடிஞ்சி. இனி எங்கயும் போக என்னட்டக் கேக்கத் தேவையில்ல."

பிளேன்டீயைக் குடித்துவிட்டு அவர் போனார்.

ஜெமீலா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புருசன் போனதும் அவளுக்குத் தெரியாமல் நடந்தது. அவருக்காக இருந்த காலமும் அவளுக்குத் தெரியாமல் முடிந்துவிட்டது. வெள்ளியும் சனியும் ஞாயிறும் சும்மா இருந்திருக்கிறாள், யாருக்காகவும் இல்லை. ஒரு கேலி மாதிரி இருந்தது. எழுந்து, சட்டத்தை ஊன்றிப் போய், யன்னலின் கீழ்ப் பலகையைத் திறந்தாள். ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. ஓட்டியவன் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"வேன் எத்தின மணிக்கு?" என்று திரைக்கு வெளியே கேட்டாள்.

"சுபஹு தொழுதிட்டு," என்றாள் றுகையா.

காரைதீவுச் சந்தியில் திரும்பி வேன் வயலுக்குள் இறங்கியது. அறுவடை முடிந்து வயல்வட்டை காய்ந்து கிடந்தது. வைக்கோல் எரித்த கறுப்பு இடையிடையே தெரிந்தது. டிரைவர் மார்க்கப் பயான் ஒன்றைப் போட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தான். பின் சீற்றில் ஜெமீலாவை நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள், கால்மாட்டில் றுகையா.

மாவடிப்பள்ளிப் பாலம் தாண்டியதும் ஜெமீலா தலையைத் தூக்கினாள்.

"எவ்விடம்?"

"என்னது எவ்விடம்?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க."

"எனக்குத் தெரியாகா," என்றாள் றுகையா, வெளியே பார்த்தபடி. "நான் கண்டேனா?"

வேன் ஓடியது. ஜெமீலா தலையைத் திரும்ப வைத்துக்கொண்டாள். சம்மாந்துறை ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கிய பிறகு றுகையா சொன்னாள்:

"கடந்திட்டு. ரெண்டு பனை நிண்டிச்சே, அதுக்கிட்ட. கொழும்புக்கு வரக்குள்ள றிஸ்வானோட இறங்கிப் பாத்தன். அவர்ட ஒரு செருப்பு வாய்க்காலுக்குள்ள கிடந்திச்சி. எடுத்து வெச்சிரிக்கன், என்ட வீட்ட."

  அம்பாறை தாண்டிய பிறகு ஜெமீலா பசிக்கிறது என்றாள். றுகையா பொதியை அவிழ்த்து ஊட்டினாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் படம் எடுத்தார்கள். கறுப்புத் திரையில் கம்பி வெள்ளையாகத் தெரிந்தது. நிரோஜினி சொன்னது சரிதான்: துணி போன குடை. நேராக நிற்க வேண்டியது ஒருபக்கம் சாய்ந்து நின்றது. டொக்டர் உதட்டைக் கடித்தார். பார்ப்போம் என்றார்.

கழுத்தில் ஊசி போட்டு விறைக்க வைத்து, அதன் வழியாகக் குழாயை இறக்கினார்கள். ஜெமீலா முழித்திருந்தாள், மருந்தில் கொஞ்சம் மிதந்தாள். நோவு இல்லை. நெஞ்சுக்குப் பின்னால், வயிற்றுக்கு மேலே, யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது மட்டும் தெரிந்தது. இழுத்தார்கள். விட்டார்கள். சிங்களத்தில் மெல்லக் கதைத்தார்கள். மறுபடியும் இழுத்தார்கள். இந்த முறை நோவு வந்தது. முதுகுக்குள் எதையோ கிள்ளியது மாதிரி. அவள் கலிமாச் சொன்னாள். யாரோ ஒரு பெண் சிங்களத்தில் "சரி, சரி அம்மா," என்றாள். பிறகு எல்லாக் கையும் நின்றது. கழுத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார்கள்.

தள்ளுக்கட்டிலில் வெளியே கொண்டுவந்து ஒரு திரைக்குள் விட்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நிரோஜினி வந்து பிரசர் பார்த்தாள். "எப்படி அன்ரி இருக்கு? நல்லாப் படுங்க," என்றாள். அவளுடைய கண் கருவியிலேயே இருந்தது. ஜெமீலாவுக்கு அந்தக் கண்ணைத் தெரியும். ஒரு மாதம் எல்லார் முகத்திலும் பார்த்த கண்.

திரைக்கு வெளியே டொக்டரின் குரலும், அதன் பின்னால் நிரோஜினியின் குரலும் கேட்டன. றுகையாவிடம் கதைக்கிறார்கள். "...இண்டைக்கு வேணாம். பிரசர் ஏறியிருக்கு. நாளைக்குக் காலையில டொக்டரே ஆறுதலாச் சொல்லுவார். நீங்க எல்லாம் சரி எண்டு மட்டும் சொல்லுங்க."

ஜெமீலா கூரையைப் பார்த்தாள். மின்விசிறி ஒன்று சுற்றாமல் நின்றது. இப்போது ராத்தா உள்ளே வருவாள். எல்லாம் சரி என்பாள். டொக்டர் சொன்னாராம் என்பாள். அவளுடைய வாயிலிருந்து அது அழகாகவும் வரும்.

திரை விலகியது. றுகையா வந்து தலைமாட்டில் நின்றாள். கையில் சுடுதண்ணீர்ப் போத்தல். அதே போத்தல்தான்.

"எடுத்தாச்சா?" என்று கேட்டாள் ஜெமீலா.

"இல்ல," என்றாள் றுகையா.

அவளுக்குப் பின்னால் நிரோஜினி, "அக்கா, நாளைக்கு எண்டெல்லோ சொன்னனாங்கள்," என்றாள் பதறி.

"நாளைக்கு என்னத்துக்கு?" றுகையா திரும்பவில்லை. "ரெண்டு தரம் பிடிச்சி இழுத்திரிக்காங்க. கம்பிட நுனியில இரிக்கிற கொழுக்கி குழாய்ச் சுவருக்குள்ள புதைஞ்சிட்டாம். இன்னும் இழுத்தாக் குழாய் கிழிஞ்சிருமாம். விட்டுட்டாங்க. இனி எடுக்க ஏலா. அது உன்ட உள்ளதான் கிடக்கும். குளிசையும் காலம் பூராத் தின்னணும்."



"மூணு மாசத்தில வந்திருந்தா?" என்று கேட்டாள் ஜெமீலா.

நிரோஜினி றுகையாவின் தோளைத் தொட்டாள், சொல்லாதே என்பது மாதிரி.

"வந்திருக்குமாம்," என்றாள் றுகையா. "கேட்டன். லேசா வந்திருக்குமாம்."

நிரோஜினி திரையை இழுத்துவிட்டு வெளியே போனாள்.

ஜெமீலா அழவில்லை. அழுகை வருமா என்று பார்த்தாள், கழுத்துத்தான் நொந்தது. தன் கையாலேயே செய்துகொண்டது. ராத்தாவின் மேல் போடவும் ஏலாது, முழுக்கத் தன் மேல் போடவும் ஏலாது. எங்கே போட்டாலும் கம்பி அங்கேதான் கிடக்கும். சாகும்வரை, செத்த பிறகும். அவளைக் குளிப்பாட்டுகிறவர்களுக்குக்கூட அது தெரியப் போவதில்லை. இந்தத் திரைக்குள் இருக்கிற இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வெளியே யாரோ ஒரு கிழவன் சிங்களத்தில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான். ஒருவரும் போகவில்லை.

"தண்ணி தாங்க ராத்தா," என்றாள் ஜெமீலா.

றுகையா போத்தலின் மூடியில் ஊற்றினாள். தலையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூடியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"சூடு."

"பொறு," என்று றுகையா ஊதத் தொடங்கினாள்.